ரயில் இல்லாத ஊரில் ஒரு பயணி

இந்தியாவில் ரயில் ஏறுகிற ஒரு மனிதனுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதை எங்கள் ஊர்ப் 'பயணி'யைப் போலக் கரைத்துக் குடித்தவர் டெல்லியில்கூட இருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். இதில் விசேஷம் இரண்டு. ஒன்று, அந்தச் சமயத்தில் எங்கள் போடிநாயக்கனூருக்கு ரயிலே கிடையாது. சின்னப் பாதையைப் பெரிய பாதையாக மாற்றுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு, தண்டவாளம் இருந்த காலத்திலும் பயணி ரயிலில் ஏறியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எதைப் பேச ஆரம்பித்தாலும் "ஒரு பயணிங்கிற முறையில சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். சாம்பாரில் உப்பு குறைந்ததையும் அப்படித்தான் சொல்வார். பேர் ஒட்டிக்கொண்டது.

தொழில், மூட்டை தைப்பது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காயைத் தரம் பிரித்து மூட்டை போடும் ஸ்டோர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு. ஒரு ஸ்டோர் விடாமல் போய் மூட்டை வாயைத் தைத்துக் கொடுப்பார். சட்டைக் காலரில் கோணி ஊசி எப்போதும் குத்தியிருக்கும். அவரை யாரும் பாசத்தோடு கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. பாசம் இல்லாமல் இல்லை, ஊசிக்குப் பயந்துதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ்ஸில் போய் ரயில் ஏறுவார்கள். பயணி முதல்முதலில் வந்தது ஜெராக்ஸ் எடுக்க. கையில் அட்டை கிழிந்த பழைய ரயில் கால அட்டவணைப் புத்தகம். ஸ்டோரில் பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்ததாம். கடைசிப் பக்கங்களில் பயணிகளுக்கான விதிகள் பொடி எழுத்தில் இருந்தன.

"தெளிவா விழணும் மாப்ளே. ஒரு எழுத்து விடாம வரணும். எல்லாம் நமக்குச் சேர வேண்டியது."

"ரயிலே இல்லாத ஊர்ல இத வச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கு ஐம்பது வயசாச்சு. இதுவரைக்கும் நான் படிச்ச போர்டு பூராவும் 'செய்யாதே'ன்னுதான் இருக்கும். துப்பாதே, சாயாதே, உள்ள வராதே. 'உனக்கு இது உண்டு'ன்னு எழுதி நான் பாத்த மொத புஸ்தகம் இதுதான் மாப்ளே. குடிக்கத் தண்ணி உண்டாம். உக்கார எடம் உண்டாம். குறை சொல்றதுக்குன்னே ஒரு நோட்டு வச்சிருக்காய்ங்களாம். யோசிச்சுப் பாரு, திட்டு வாங்குறதுக்குன்னே ஒரு நோட்டு."

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். ஸ்டோர் சோலி முடிந்ததும் தினமும் வந்துவிடுவார். டிக்கெட் எடுக்க வருகிறவர்களுக்கு இலவசமாகச் சட்டம் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்பது அவருக்கு மிகவும் பிடித்த விதி. குரங்கணி பஸ் கால் மணி நேரம் தாமதமாக வந்த ஒருநாள், "இன்னும் ரெண்டேமுக்கா மணி நேரம் பொறுத்திருந்தா மொத்தத்தையும் வாங்கியிருக்கலாம், அவசரப்பட்டு வந்துட்டான்" என்று டிரைவர் காதுபடவே வருத்தப்பட்டார்.

ரயில் இல்லாத குறையை ஜீப்பு தீர்த்து வைத்தது. ஒருமுறை போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மூட்டை தைக்கப் போனார். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது டிரைவருக்கும் அந்த மலைக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் இருந்த ஆள் பயணியின் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். பயணி டிரைவரிடம் புகார் செய்தார்.

"ராத்திரி பத்து மணிலேர்ந்து காலைல ஆறு மணி வரைக்கும்தான் படுக்கை. இப்ப மணி எட்டு. எந்திரிச்சு நேரா உக்காரச் சொல்லுங்க."

"அண்ணே, இது ரயில் இல்ல, ஜீப்பு."

"தெரியும். அம்புட்டுப் பெரிய ரயில்லயே முடியாதுன்னா இத்துனூண்டு ஜீப்புல எப்பிடி முடியும்?"

அதற்குள் அந்த ஆளே காலர் ஊசி குத்தி எழுந்துகொண்டான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் நடந்தது இன்னும் மோசம். ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். பந்திக்கு நிற்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முதுகை உரசிக்கொண்டிருந்தார்கள். பயணி கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். உட்கார்ந்தவர்கள் எல்லாம் உறுதியான டிக்கெட். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருப்புப் பட்டியல். நடுவில் வயசான இரண்டு பேரை ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்காரவைத்து, "நீங்க ஆர்.ஏ.சி. பெரியப்பா, யாராவது எந்திரிச்சதும் முழு சீட்டு ஆயிரும்" என்றார். அந்த இரண்டு பேரும் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள். ஒரே நாற்காலியில் எத்தனை நேரம்தான் பேசாமல் இருப்பது? பாயசம் வருவதற்குள் ராசியாகிவிட்டார்கள். கல்யாண வீட்டார் நன்றி சொன்னபோது பயணி, "ரூல்ல உள்ளதத்தான் செஞ்சேன்" என்று முடித்துக்கொண்டார்.

அவர் மனம் உடைந்து நான் பார்த்தது ஒரே ஒருநாள். "நெட்டுல ஏதும் மாறிருக்கான்னு பாரு மாப்ளே" என்று வாரம் ஒருமுறை என்னைத் தேடச் சொல்வார். அப்படித் தேடியபோது, முன்பு ராத்திரி ஒன்பதுக்கே ஆரம்பித்த படுக்கை நேரத்தைப் பத்து மணியாக மாற்றியிருந்ததைப் பார்த்தோம். இது ஜீப்புச் சண்டைக்கு முந்தைய சங்கதி. பயணி கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டார். டீயையும் வேண்டாமென்றார்.

"ஒரு மணி நேரத்தப் பிடுங்கிட்டாய்ங்களே மாப்ளே."

ஆயுசில் ஒருநாள்கூட ரயிலில் படுக்காத மனிதருக்குத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் நஷ்டம்.

ஊர் அவரைக் கோமாளியாகத்தான் பார்த்தது. அது மாறியது ஏலக்காய் வியாபாரி சேவியர் அண்ணன் விஷயத்தில். சென்னையில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் மனைவி படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. என்னிடம் வந்து, அந்த ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யச் சொன்னார். அந்த இடத்தில் மகனையாவது கூட்டிப்போகலாம் என்றால் வேறு டிக்கெட் கிடைக்கவில்லை.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "ஏன் ரத்து பண்ணணும்? அந்த டிக்கெட்டுலயே மகன் போகலாம்."

"அது அவ பேர்ல இருக்குப்பா."

"பேர மாத்திக் கொடுப்பாக. அப்பா, அம்மா, புருஷன், பொண்டாட்டி, புள்ள, கூடப்பொறந்தது, இவுகளுக்கு மாத்தலாம். ஆனா ரயில் கெளம்புறதுக்கு இருபத்துநாலு மணி நேரம் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். நாளைக்கு ரயில் எத்தன மணிக்கு?"

கணக்குப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். சேவியர் அண்ணன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு, பயணியையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் ரிசர்வேஷன் கவுண்டருக்கு விரட்டினார். கவுண்டரில் இருந்த அம்மாள் கார்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பேரை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து வந்த சேவியர் அண்ணன், "ஒனக்கு என்னய்யா வேணும்?" என்று கேட்டார். வேட்டி சட்டை கேட்பார் என்று நான் நினைத்தேன்.

"ஒங்க ஸ்டோர்ல நாங்க நின்னுக்கிட்டே குனிஞ்சுதான் தைக்கிறோம். உக்கார ஒரு ஸ்டூலு போட்டுக் குடுங்கண்ணே. மூணு பேருக்கும் சேத்து."

மறுநாள் மூன்று ஸ்டூல்கள் வந்தன. அடுத்த மாசத்துக்குள் பக்கத்து ஸ்டோர்களிலும் வந்துவிட்டன.

கடைசியில் ஒருநாள் ரயிலும் வந்தது. எஞ்சினுக்கு மாலை, தேங்காய், செல்ஃபி என்று ஊரே ஸ்டேஷனில் இருந்தது. பயணி புதுச் சட்டையில் வந்து, அடுத்த ஊரான தேனிக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். நானும் கூடப் போனேன். ஏறியதும் அவர் உட்காரவில்லை. குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது. ஃபேன் சுவிட்சைப் போட்டார், சுற்றியது. லைட் எரிந்தது. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு கொறையும் இல்ல மாப்ளே." பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருந்த மனிதரின் ஏமாற்றம் அது. ஆனாலும் திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, "குறை ஒன்றும் இல்லை. தொடர்ந்து கவனித்து வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இனிமேல் சொல்லப்போவதில் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிண்டருக்குச் சாமான் வாங்கச் சாயங்கால ரயிலில் மதுரை கிளம்பினேன். பெரிய ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும் என்று பயணியும் கூட வந்தார். முன்பதிவு இல்லாத பெட்டி. எதிரில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேர் பேச்சியம்மா. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மகளுக்குப் பிரசவ வலி எடுத்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். "மோளு ஒத்தையில கெடக்கா" என்று மலையாளம் கலந்து சொல்லிக்கொண்டே வெற்றிலை போட்டாள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். இளம் வயசு, புதிதாக வேலைக்கு வந்தவர் போல. பேச்சியம்மா பையைத் துழாவினாள், மடியைத் துழாவினாள், முகம் வெளுத்தது. டிக்கெட்டில்தான் வெற்றிலையை மடித்து வைத்திருந்திருக்கிறாள். வெறும் காகிதம் என்று நினைத்து, வெற்றிலை போட்டதும் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் பரிசோதகர். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருங்கம்மா."

"அய்யா, எனக்கு எடமே தெரியாது. மக ஆஸ்பத்திரில கெடக்கா."

"இறங்கிருங்க."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் வேறு. அடுத்து வருவது சின்ன ஸ்டேஷன், இறங்கினால் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இருக்காது. நான் பயணியை முழங்கையால் இடித்தேன். என் கடைப் பெஞ்சில் சிங்கம் மாதிரி கர்ஜித்த மனிதர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையையும் கறுப்புக் கோட்டையும் வைத்து மனிதர்களை எடைபோட்டுப் பழகிய ஊரில் மூட்டை தைத்துப் பிழைத்தவர். முதன்முதலாக ஒரு நிஜ அதிகாரி அவர் முன்னால் நின்றார்.

ரயில் வேகம் குறைந்தது. பேச்சியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பயணியும் எழுந்தார்.

"சார், ஒரு பயணிங்கிற முறையில..."

அதற்கு மேல் வரவில்லை.

பரிசோதகர் திரும்பினார். "பயணியா? அப்ப உங்க டிக்கெட்டக் காட்டுங்க."

பயணி சட்டைப் பையில் கை வைத்தார். கை உள்ளே போகவில்லை.

"தச்சிருக்கேன் சார்."

"எத?"

"பாக்கெட்ட."

"எதுக்கு?"

"டிக்கெட்டு தொலஞ்சிரக் கூடாதுல்ல."

பெட்டியில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பரிசோதகர் குனிந்து பார்த்தார். கோணி நூலில், ஏலக்காய் மூட்டைக்குப் போடுகிற அதே தையல். "பிரிங்க" என்றார். பயணி நூல் நுனியைத் தேடினார். விரல் நடுங்கியதில் நுனி அகப்படவில்லை. ரயில் நின்றது. அவர் தேடிக்கொண்டிருந்தார். பரிசோதகர் அந்தச் சட்டைப் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் நின்ற பேச்சியம்மாவும் கால் வைக்காமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பிவிட்டது.

அந்த நேரத்தில்தான் நுனி கிடைத்தது. ஒரே இழுப்பு, மொத்தத் தையலும் சர்ரென்று கழன்று வந்தது. டிக்கெட்டை எடுத்து நீட்டிய கையில் நடுக்கம் இல்லை.

"ரயில்வே சட்டம், நூத்தி முப்பத்தொம்பதாவது பிரிவு சார். ஆம்பளத் துணை இல்லாம வர்ற பொம்பளைய, டிக்கெட்டு இல்லைன்னாலும் கண்ட எடத்துல எறக்கக் கூடாது. ஏறின ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர், அங்கதான் எறக்கலாம். அதுவும் பகல்ல. இப்ப வெளிய பாருங்க."

பரிசோதகர் வெளியே பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "சரிதான். எங்க பெரியவரும் அதையேதான் சொல்றார். உக்காருங்கம்மா."

பேச்சியம்மா உட்கார்ந்தாள். "அப்ப நான் காசு ஏதும் கட்ட வேணாமாய்யா?"

"கட்டணும் ஆத்தா" என்றார் பயணி. "டிக்கெட்டுக் காசும் கட்டணும், அபராதமும் கட்டணும்."

"நீ யாரு பக்கம்யா?"

"ரூல் பக்கம்."

முந்தானை முடிச்சில் இருந்தது போதவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு அக்கா கொஞ்சம், நான் கொஞ்சம், பயணி கொஞ்சம் போட்டோம். பரிசோதகர் ரசீது எழுதினார். பயணி அதை வாங்கி, சரிபார்த்து, அவள் கையில் கொடுத்தார். "இதுலயும் வெத்தலைய மடிச்சிராத."

எல்லாம் முடிந்தபின் பரிசோதகர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க வக்கீலா சார்?"

ஆயுசில் முதல்முறையாகத் தன்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டதைப் பயணி கவனித்தாரா என்று தெரியவில்லை. "மூட்டை தைக்கிறேன் தம்பி" என்றார். "அந்தம்மாவ எறக்கி விட்டிருந்தா ஒங்களுக்குத்தான் வம்பு. இன்னும் அஞ்சாறு விஷயம் இருக்கு, சொல்றேன் கேளுங்க." மதுரை வரும்வரை சொன்னார். பாவம், அந்தப் பையன் கேட்டுக்கொண்டு வந்தான்.

மதுரையில் பேச்சியம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஏறும்முன் அவள் பயணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது வருஷமாத் தோட்டத்துல யார் யாரோ என்னய எந்திரின்னுதான் சொல்லியிருக்காக. எனக்காக எந்திரிச்சது நீதான்யா."

பஸ் போனதும் பயணி அப்படியே பஸ் ஸ்டாப் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "வெரசா தண்ணி கொண்டா மாப்ளே" என்றார். குடித்துவிட்டு ரகசியமாகச் சொன்னார். "அந்தப் பிரிவு சுத்தமா மறந்துபோச்சு. நூல் நுனி கிடைச்சப்பதான் அதுவும் கிடைச்சுது."

மூன்றாவது வாரம் பேச்சியம்மா மலையிலிருந்து இறங்கி என் கடைக்கே வந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாளாம், தாயும் பிள்ளையும் சுகமாம். பயணி கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு வயசு வரைக்கும் ரயில்ல அதுக்கு டிக்கெட்டு வேணாம், தெரியும்ல?"

போன வருஷம் அவர் முழங்கால் ஸ்டூலில்கூட மடங்க மறுத்துவிட்டது. திருப்பூரில் இருக்கும் மகள் வந்து கூட்டிப்போனாள். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, என்னைப் பிளாட்பார டிக்கெட் எடுக்க வைத்தார். ரயில் கிளம்பப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"பத்து நிமிஷத்துக்கு எதுக்குண்ணே டிக்கெட்?"

"அதெல்லாம் எடுத்துத்தான் ஆகணும். ஒன்னய யாரும் ஒரு வார்த்த கேட்டுறக் கூடாது." ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மறுபடி என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, அந்த டிக்கெட்டு ரெண்டு மணி நேரம் செல்லும். உள்ள நீ உக்காரலாம், யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது. வீணாக்கிராத."

ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நானும் ஒரு நாயும்தான். வீட்டில் வேலை இருந்தது, கடையைத் திறக்க வேண்டும். இருந்தாலும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரமும் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.